டைனோசர் குட்டியா, தனி இனமா? காய்ச்சலோடு மலாக்காவில் கிடந்த வாலஸும் உங்க வீட்டுக் கறிவேப்பிலைச் செடியும்

பாச்சாங்கில் உங்க தாமான் வீட்டுக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கா? இருந்தால் இதை எப்போதாவது பார்த்திருப்பீங்க. இலை மேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். குச்சியால் தொட்டால் அசையும். சில நாள் கழித்துப் போனால் அது அங்கே இருக்காது. பச்சைப் பசேலென்று, கண் வரைந்து வைத்த மாதிரி கோலத்தோடு ஒரு குண்டுப் புழு இலையை மொட்டையடித்துக்கொண்டிருக்கும். அம்மா பார்த்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது. பார்க்காவிட்டால் அது கூடு கட்டும், பிறகு கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறந்து போகும்.

எச்சம் மாதிரி இருந்ததும், பச்சைப் புழுவும், பறந்து போனதும் ஒன்றுதான். கூடவே இருந்து பார்த்ததால் உங்களுக்குத் தெரியும். பார்க்காத ஒருவர் கையில் மூன்றையும் செத்த பிறகு தனித்தனியாகக் கொடுத்தால்? மூன்று பெயர் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

டைனோசர் ஆய்வாளர்களுக்கு இதே தலைவலிதான். ஒத்னியேல் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1889இல் ட்ரைசெரடாப்ஸ் என்ற மூன்று கொம்பு விலங்குக்குப் பெயர் வைத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1891இல், அதே மாதிரி கொம்புகளும் கழுத்துக்குப் பின்னால் பெரிய எலும்பு விசிறியும் உள்ள இன்னொன்றுக்கு டோரோசாரஸ் என்று பெயர் வைத்தார். பெரிய வேறுபாடு, டோரோசாரஸின் விசிறியில் இரண்டு ஓட்டைகள் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. 2010இல் ஸ்கேனெல்லா, ஹார்னர் என்ற இருவர், டோரோசாரஸ் என்று தனியாக ஒன்று இல்லை, வயதான ட்ரைசெரடாப்ஸின் விசிறி மெலிந்து ஓட்டை விழுந்ததுதான் அது என்றார்கள். 2012இல் இன்னொரு குழு அதை மறுத்தது. டோரோசாரஸிலும் இளசு இருக்கு, ட்ரைசெரடாப்ஸிலும் கிழடு இருக்கு, அப்புறம் எப்படி ஒன்று மற்றதாக வளரும் என்பது அவர்கள் வாதம்.

எலும்பை வைத்துச் செய்யும் இந்தச் சண்டையை உயிரோடு இருக்கும் பிராணிகளை வைத்து நடத்தியவர் ஒருவர் உண்டு. அவர் நம்ம மலாக்காவுக்கும் வந்திருக்கிறார். பள்ளியில் டார்வின் பெயரோடு சேர்த்து அவர் பெயரையும் ஒரு வரியில் கடந்து போயிருப்பீங்க. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்.

யார் இந்த வாலஸ்?

1823 ஜனவரி 8ஆம் தேதி, வேல்ஸில் அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். அப்பா பணத்தைத் தவறான இடங்களில் போட்டு இழந்தவர். அதனால் 14 வயதோடு பள்ளி முடிந்துவிட்டது. அண்ணன் வில்லியமோடு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். பல்கலைக்கழகம் என்பது அவர் வாழ்க்கையில் இல்லை. நூலகத்தில் படித்தது, வயல்வெளியில் செடிகளைப் பார்த்துக் கற்றது, அவ்வளவுதான். லெஸ்டர் நகரத்தில் கொஞ்ச நாள் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற வண்டு பிடிக்கும் இளைஞர் நண்பரானார். 1848இல் இருவரும் அமேசான் காட்டுக்குக் கிளம்பினார்கள்.

பணக்காரப் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் போன காலம் அது. இவர்களுக்குப் பிழைப்பே அதுதான். பூச்சி, பறவை பிடித்துப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்ப வேண்டும். சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் அவற்றை விற்றுப் பணம் அனுப்புவார். அடுத்த மாதச் சாப்பாடு அதில்தான்.

அமேசான் வாலஸைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் மஞ்சள் காய்ச்சலில் 1851இல் இறந்துபோனார். 1852இல் நாடு திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சேகரிப்பெல்லாம் சாம்பல். ஒரு தகரப் பெட்டியில் சில ஓவியங்கள் மட்டும் தப்பின. பத்து நாள் திறந்த படகில் மிதந்த பிறகுதான் வேறு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது.

ஆனால் அந்தப் பயணத்திலிருந்து அவர் ஒன்றைக் கற்றிருந்தார். லண்டன் திரும்பிய சில மாதங்களிலேயே அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அருங்காட்சியகப் பொருள்களில் எந்த ஊர், ஆற்றின் எந்தக் கரை என்று எழுதி வைக்காத பழக்கத்தை அதில் குறை கூறினார். பிரேசில் என்று மட்டும் ஒட்டியிருந்தால் அந்தச் சீட்டால் என்ன பயன்? இந்தச் சீட்டு விஷயத்தை மறந்துடாதீங்க, கடைசி வரைக்கும் வரும்.

மலாக்காவில் என்ன நடந்தது?

இவ்வளவு பட்ட பிறகும் மனுஷன் வீட்டில் உட்காரவில்லை. 1854 ஏப்ரலில், பதின்ம வயதுகூடத் தாண்டாத சார்ல்ஸ் ஆலன் என்ற உதவியாளரோடு சிங்கப்பூரில் வந்து இறங்கினார். ஜூலையில் மலாக்கா.

அப்போது இங்கே ரப்பர் தோட்டமே கிடையாது. நம்ம தாத்தா பாட்டி கதைகளில் வரும் லயன் வீடுகளும் பால்மரமும் பல பத்தாண்டுகள் கழித்து வந்தவை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த, கப்பல் வரத்துக் குறைந்துபோன பழைய துறைமுகம் அது. மலாய்க்காரர், சீனர், போர்த்துகீசிய வழி வந்தவர் என்று எல்லாரையும் பற்றி அவர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரைப் பற்றி எழுதும்போது இந்தியர்களைக் குறிக்க அவர் போட்ட சொல், இன்று யாராவது நம்மைப் பார்த்துச் சொன்னால் சண்டை வரும் சொல். அந்தக் காலத்து ஆங்கிலேயர் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். படிக்கும்போது சுருக்கென்று இருப்பதும் உண்மை.

பட்டணத்திலிருந்து சுமார் 13 மைல் உள்ளே காடிங் என்ற இடத்துக்குப் போனார். கிறிஸ்துவர்களாக மாறிய சீனர்களின் வீட்டில் தங்கல். சமையலுக்கு ஒருவர், பறவை சுட்டுத் தோல் உரிக்க ஒருவர் என்று இரண்டு போர்த்துகீசிய ஆட்கள். கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் பிடித்தது. கூட இருந்தவர்களுக்கும் அதே. மலாக்காவுக்குத் திரும்பி, கொய்னா மருந்தைத் தாராளமாகச் சாப்பிட்டுத்தான் எழுந்தார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

எழுந்தவர் ஆயர் பானாஸ் போனார். ஜாசின் பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அங்கிருந்து ஆறு மலாய்க்காரர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு லேடாங் மலை. அன்று வெள்ளைக்காரர்கள் அதை ஓபிர் மலை என்பார்கள். மேலே பாறைவெளியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பக்கத்தில் குடுவைச் செடிகள்தான் இருந்தன. பூச்சி விழுந்து மிதந்த அந்தக் குடுவை நீரைக் குடித்துப் பார்த்தார்கள், நன்றாகவே இருந்ததாம். யானை, காண்டாமிருகத்தின் தடங்களைப் பார்த்திருக்கிறார். ஆர்கஸ் என்ற பெரிய காட்டுக்கோழியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். எட்டு வருஷப் பயணத்தில் மலாக்காவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மாதம்.

சரவாக்கில் தடுக்கி விழுந்த இடம்

பாடப்புத்தகம் சொல்லாத பகுதி இது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

1855இல் சரவாக்கின் சிமுஞ்சான் பகுதியில் ஓராங் ஊத்தான் தேடிப் போனார். அங்குள்ள மக்கள் அதை மியாஸ் என்பார்கள். மியாஸில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு என்றார்கள். கன்னத்தில் இருபுறமும் தட்டுப் போல அகன்ற சதை உள்ள பெரிய ஆண் ஒரு வகை. தட்டில்லாத சின்ன ஆண் இன்னொரு வகை. லண்டனிலோ ரிச்சர்ட் ஓவன் என்ற பேராசிரியர் ஒரு மண்டை ஓட்டை வைத்துச் சின்ன ஓராங் ஊத்தானுக்கு ஏற்கனவே தனிப் பெயர் கொடுத்திருந்தார். இந்த ஓவன் வேறு யாருமில்லை, டைனோசர் என்ற சொல்லையே 1842இல் உருவாக்கியவர்.

வாலஸ் 17 ஓராங் ஊத்தான்களின் உடல்களை அளந்து பார்த்தார். பெரும்பாலானவை அவரே சுட்டவை. இன்று படிக்க வயிற்றைப் பிசையும். ஒரு தாயைச் சுட்ட பிறகு அதன் குட்டி உயிரோடு கிடைத்தது. பால் கிடைக்காத இடம். கஞ்சித் தண்ணீர் ஊட்டி, குளிப்பாட்டி, துணைக்கு ஒரு குட்டிக் குரங்கையும் பக்கத்தில் விட்டு வளர்த்தார். ஏறக்குறைய மூன்று மாதம் இருந்து அது செத்துப்போனது. தாயைக் கொன்றவரும் அவர்தான், குட்டிக்காகத் தவித்தவரும் அவர்தான். இரண்டையும் அவரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அளந்து முடித்து அவர் எழுதியது என்ன? தட்டுள்ள பெரியது ஓர் இனம், தட்டில்லாத சின்னது வேறோர் இனம். 1856இல் அச்சான கட்டுரையில் அப்படித்தான் இருக்கு.

இன்று ஆய்வாளர்கள் பல வருஷம் காட்டில் பின்தொடர்ந்து பார்த்த பிறகு வேறு கதை தெரிகிறது. ஆண் ஓராங் ஊத்தான் பருவத்துக்கு வந்த பிறகும் பல வருஷம் தட்டில்லாமலே இருக்கலாம். பிறகு ஒரு கட்டத்தில் கன்னத் தட்டும் தொண்டைப் பையும் நீண்ட முடியும் வந்துவிடும். அதாவது, அவர் இரண்டு இனம் என்று நினைத்தது ஒரே இன ஆண்களின் இரண்டு கோலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓவன் வைத்த மோரியோ என்ற பெயர் இன்று போர்னியோவின் வடகிழக்கில் வாழும் துணை இனத்துக்குப் பயன்படுகிறது, அது தனி விஷயம்.

வாலஸிடம் எலும்பு இருந்தது, தோல் இருந்தது, அளவும் இருந்தது. ஒரே ஆண் குரங்கை இருபது வருஷம் பார்க்கும் வசதிதான் இல்லை. டோரோசாரஸ் வைத்திருப்பவர்களுக்கும் இல்லாதது அதுதானே.

வாலுள்ள அக்கா, வாலில்லாத தங்கை

விழுந்தவர் எழுந்தது எப்படி? கிழக்கே அரு தீவுகளில் 1857இல் சொர்க்கப் பறவைகளைச் சேகரித்தார். பொன்னிறத் தூவிகளோடு ஆடும் பெரிய ஆண் பறவையைத்தான் ஐரோப்பா அறியும். ஆனால் இளம் ஆண் பறவை பெட்டையைப் போலவே பழுப்பாக இருப்பதையும், இறகு உதிர்ந்து முளைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறி, முழு அலங்காரம் வரச் சில வருஷம் பிடிப்பதையும் அவர் கண்டார். ஒரே இடத்தில் எல்லா வயதுப் பறவைகளும் கையில் இருந்ததால்தான் வரிசைப்படுத்த முடிந்தது. நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் வேறு பறவை என்று தோன்றியிருக்கும்.

இடையில் 1858இல் காய்ச்சலில் கிடந்தபோது அவருக்கு உதித்த யோசனையும், அதை டார்வினுக்குத் தபாலில் அனுப்பியதும், ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் கருத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதை விட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம்.

லிமாவ் பாலி மரத்தில் வளரும் ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி உண்டு, பாப்பிலியோ மெம்னான் என்பார்கள். இந்த வட்டாரத்தில் தோட்டங்களிலேயே பறக்கும். ஆணுக்கு நீலம் கலந்த கறுப்புச் சிறகு, வால் கிடையாது. பெண்ணில் சிலவற்றுக்கு வால் இல்லை, சிலவற்றுக்கு வால் உண்டு, நிறமும் வேறு. வாலுள்ள பெண்ணுக்குத் தனி இனம் என்று வேறு பெயரே வைத்திருந்தார்கள். 1861, 62இல் சுமத்ராவில், அதாவது நமக்கு நீரிணையின் அக்கரையில், வாலஸ் இந்த மெம்னானைப் பிடித்தார். எல்லா ஆண்களும் ஒரே மாதிரி, பெண்கள் மட்டும் இரண்டு மூன்று மாதிரி. ஜாவாவில் புழுவிலிருந்து வளர்த்துப் பார்த்தவர்களுக்கும் ஆண்களோடு இரண்டு மாதிரிப் பெண்களும் வந்திருந்தன.

கறிவேப்பிலைச் செடிப் பூச்சியும் இதே குடும்பம்தான், பாப்பிலியோ பாலிடெஸ். அதன் பெண்களில் ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்றுக்குச் சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும் இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் மூன்றாவதாகச் செக்கச் சிவந்த புள்ளிகளோடு ஒன்று உண்டு. உயிர்களுக்குப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸே 1758இல் இதில் ஏமாந்தார். ஆணுக்குப் பம்மோன் என்றும், பெண்ணுக்குப் பாலிடெஸ் என்றும் இரண்டு இனமாக எழுதிவிட்டார். இன்று நிற்பது பாலிடெஸ் மட்டுமே.

1864இல் லின்னேயன் சங்கத்தில் வாசித்து அடுத்த வருஷம் அச்சான கட்டுரையில் வாலஸ் இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து விளக்கினார். இவை ஒரே இனத்தின் பல வடிவங்கள். பெண்கள் ஏன் வேஷம் போடுகின்றன என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது: பறவைகள் தின்னத் தயங்கும் கெட்ட சுவையுள்ள வேறு பூச்சிகளைப் போலத் தோன்றினால் பிழைத்துக்கொள்ளலாம். இந்த வேஷம் போடும் கருத்தை முதலில் சொன்னவர் பழைய நண்பர் பேட்ஸ்தான். கேட்பவர்களுக்குப் புரிய வாலஸ் ஒரு கற்பனை சொன்னார். ஒருவருக்குச் சாயலில் துளியும் ஒற்றுமை இல்லாத இரண்டு மனைவிகள். பிறக்கும் பையன்கள் எல்லாம் அப்பா ஜாடை. பெண் பிள்ளைகளோ அம்மா ஜாடையிலும் பிறக்கலாம், சின்னம்மா ஜாடையிலும் பிறக்கலாம், கலப்பு மட்டும் வரவே வராது. மனிதரில் நடக்காதது அங்கே தினமும் நடக்கிறது.

இதற்கு மரபணு விளக்கம் கிடைக்க 150 வருஷம் ஆனது. இந்திய ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2014இல் பாலிடெஸில் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் பெண்ணின் வேஷத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள்.

இதில் காசு விஷயமும் இருக்கு. புது இனம், அரிய இனம் என்றால்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். விற்றுப் பிழைத்த மனுஷன், இரண்டு பெயரை ஒன்றாக்கினால் தன் சரக்கின் மதிப்பையே குறைத்துக்கொள்கிறார். எட்டு வருஷத்தில் அவர் சேர்த்தவை 1,25,660. அதில் தனக்கென்று ஒரு தொகுப்பை விற்காமல் வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் எந்தத் தீவு என்ற சீட்டு. அந்தச் சீட்டுகள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

பிற்கால வாழ்க்கை சொகுசாக இருக்கவில்லை. 1866இல் ஆனி மிட்டனைக் கல்யாணம் செய்தார். 1869இல் வந்த மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூல் பேர் வாங்கித் தந்தது. ஆனால் அப்பா போலவே முதலீட்டில் பணத்தை விட்டார். நிரந்தர வேலை கடைசி வரை கிடைக்கவில்லை. டார்வினும் நண்பர்களும் முயன்று 1881இல் வருஷத்துக்கு 200 பவுண்டு அரசாங்க ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆவிகளோடு பேசுவதை நம்பினார், தடுப்பூசியை எதிர்த்தார். இரண்டிலும் அவர் பக்கம் நியாயம் இல்லை. 1913 நவம்பர் 7ஆம் தேதி, 90 வயதில் இறந்தார்.

அப்போ டைனோசர்?

வாலஸுக்கு இருந்த வசதி எலும்புக்காரர்களுக்குக் கிடையாது. புழுவை வளர்த்துப் பார்க்க முடியாது, பறவையை வரிசையாக அடுக்கும் அளவுக்கு உடல்களும் கிடைப்பதில்லை. அவர்களிடம் உள்ள வழி, எலும்பைக் குறுக்கே அறுத்து உள்ளே பார்ப்பது. மரத்துக்கு இருப்பது போல அதில் வளையங்கள் இருக்கும். வெளி ஓரத்தில் வளையங்கள் நெருங்கியிருந்தால் வளர்ச்சி நின்றுபோன விலங்கு. அகலமாக இருந்தால் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த இளசு.

நானோடிரானஸ் சண்டையில் இதுதான் நடந்தது. 1942இல் அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த ஒரு சின்ன மண்டை ஓட்டுக்கு 1988இல் அந்தப் பெயர் வைத்தார்கள். அது டி-ரெக்ஸ் குட்டிதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்லி வந்தார்கள். 2020இல் அதே மாதிரி இரண்டு விலங்குகளின் வளையங்களை எண்ணியபோது அவை இளசுகள் என்று வந்ததால், குட்டிக் கட்சி வென்றதாகவே தோன்றியது. 2025இல் ட்ரைசெரடாப்ஸோடு சேர்ந்து புதைந்திருந்த இன்னொரு எலும்புக்கூட்டை ஆய்ந்தவர்கள், அதற்குச் சுமார் 20 வயது, வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஆனாலும் எடை டி-ரெக்ஸில் பத்தில் ஒரு பங்குதான் என்றார்கள். அப்படியானால் அது குட்டி இல்லை, நானோடிரானஸ் தனி விலங்கு. டோரோசாரஸ் வழக்கில் இவ்வளவு தெளிவு இன்னும் வரவில்லை.

நம்ம நாட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் முதல் டைனோசர் எச்சம் பகாங்கில் 2012இல் கிடைத்தது. மலாயாப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் அதை 2014 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஒரே ஒரு பல், நீளம் 23 மில்லிமீட்டர். மீன் தின்னும் ஸ்பைனோசார் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, இனப்பெயர் எதையும் அவர்கள் அதற்கு வைக்கவில்லை.